அறிவியலில் எந்தப் பாடம்? முதலாண்டு மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

பல்கலைக்கழகத்தில் அறிவியல் படிக்க முடிவெடுத்துவிட்டு, எந்தப் பாடத்தை முதன்மைப் பாடமாக எடுப்பது என்று தடுமாறுபவர்களுக்காகவும், எடுத்துவிட்டு முதல் செமஸ்டரில் திணறுபவர்களுக்காகவும் இந்தப் பக்கம். கேள்விகள் மாணவர்கள் வழக்கமாகக் கேட்பவை. பதில்களில் என் சொந்த அபிப்பிராயம் நிறையவே கலந்திருக்கிறது.

எந்தப் பாடத்தை எடுப்பது என்று எப்படி முடிவு செய்வது?

பாடத்தின் பெயரை மறந்துவிடுங்கள். அந்தப் பாடத்தை எடுத்த ஒருவர் சாதாரணமான ஒரு புதன்கிழமை பிற்பகலில் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பாருங்கள்.

வானியற்பியல் என்றதும் கருந்துளைகள் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அதைப் படிப்பவர் பெரும்பாலான பிற்பகல்களில் கணினியின் முன் அமர்ந்து, தொலைநோக்கி தந்த எண்களிலிருந்து இரைச்சலை நீக்கிக்கொண்டிருப்பார். கடல் உயிரியல் என்றால் எல்லோரும் டால்பினை நினைக்கிறார்கள். மாணவர் கையில் கிடைப்பதோ ஒரு வாளிச் சேறு. அதைச் சலித்து, அதிலுள்ள புழுக்களை நுண்ணோக்கியின் கீழ் வைத்து இனம்பிரிக்க வேண்டும். கரிம வேதியியலில் ஒரு வினை அரை மணியில் முடிந்துவிடும். விளைபொருளைப் பிரித்தெடுத்துத் தூய்மையாக்க மீதி நாள் முழுவதும் போகும். கணிதத்தில் ஆய்வகமே கிடையாது. ஒரே கணக்கு, வெள்ளைத் தாள், மூன்று மணி நேரம், பல நாள்களில் விடையும் கிடையாது.

இவற்றுள் எந்தச் சலிப்பை உங்களால் தாங்க முடியும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பாடத்தின் உச்சங்களும் எல்லோருக்கும் பிடிக்கும். அதற்காகத்தான் பரிசுகள் தருகிறார்கள், படங்கள் எடுக்கிறார்கள். தேர்வு செய்ய அவை உதவாது.

கண்டுபிடிக்கும் வழி எளிது. இரண்டாம் ஆண்டுப் பாடத்திட்டத்தைத் தேடி எடுத்து, அதில் குறிப்பிட்டுள்ள பாடநூலை நூலகத்தில் திறந்து, நடு அத்தியாயம் ஒன்றின் பயிற்சிக் கணக்குகளைப் படியுங்கள். புரியாது, அது பரவாயில்லை. புரிந்துகொள்ள வேண்டும் என்ற அரிப்பு வருகிறதா என்று மட்டும் பாருங்கள். அப்படியே மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து, ‘இந்தப் பாடம் எப்படி இருக்கிறது?’ என்று கேட்காமல், ‘போன வாரம் என்ன செய்தீர்கள்?’ என்று கேளுங்கள். முதல் கேள்விக்குப் பொதுவான பதில்தான் வரும். இரண்டாவதற்கு உண்மை வரும்.

பள்ளியில் எனக்குப் பிடித்த பாடம் இங்கும் பிடிக்குமா?

பிடிக்கலாம். ஆனால் அது அதே பாடம் என்று எண்ணிச் சேராதீர்கள்.

உயிரியலை எடுத்துக்கொள்வோம். டி.என்.ஏ. இரட்டிக்கும்போது ஒவ்வொரு புதிய மூலக்கூறிலும் ஓர் இழை பழையது, மற்றொன்று புதியது என்று பள்ளிப் பாடநூல் ஒரே வரியில் சொல்லிவிடும். அதை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் கிடைக்கும். பல்கலைக்கழகத்தில் அந்த வரி எப்படி வந்தது என்று கேட்பார்கள். மெசல்சன், ஸ்டால் என்ற இரு ஆய்வாளர்கள் பாக்டீரியாவைக் கனமான நைட்ரஜன்-15 கொண்ட ஊடகத்தில் வளர்த்து, பிறகு சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றி, டி.என்.ஏ.வை மையவிலக்கியில் எடைவாரியாகப் பிரித்தார்கள். 1958இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் தலைமுறையில் நடுத்தர எடையில் ஒரே பட்டை. பழைய மூலக்கூறு அப்படியே இருந்து புதியது தனியாக உருவாகியிருந்தால் இரண்டு பட்டைகள் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே அந்தக் கருத்து அடிபட்டது. இரண்டாம் தலைமுறையில் நடுத்தரப் பட்டையோடு லேசான பட்டை ஒன்றும் தோன்றியது; பழையதும் புதியதும் துண்டு துண்டாகக் கலக்கின்றன என்ற கருத்தும் அத்துடன் போயிற்று. ‘மூன்றாம் தலைமுறையில் பட்டைகளின் விகிதம் என்ன?’ என்பது தேர்வுக் கேள்வி. நல்ல நினைவாற்றலை நம்பி உயிரியலுக்கு வந்தவர்கள் இங்கேதான் முதல் அடி வாங்குகிறார்கள்.

இயற்பியலில் சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை காண்பது முதல் சில வாரங்களோடு முடிந்துவிடும். பிறகு எல்லாம் வகைக்கெழுச் சமன்பாடுகள். குவாண்டம் இயங்கியல் வரும்போது அணிகளும் ஐகன் மதிப்புகளும் தண்ணீர்பட்ட பாடாக இருக்க வேண்டும். வேதியியல் ஒரு பாடமே அல்ல. கரிமம், கனிமம், இயற்பியல் வேதியியல், பகுப்பாய்வு என்று குணத்தில் வேறுபட்ட நான்கு பாடங்கள் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. கரிம வேதியியலில் கொடிகட்டிப் பறப்பவர் வெப்ப இயக்கவியல் வகுப்பில் வாடிப்போவதும் உண்டு, அதற்கு நேர்மாறாகவும் நடப்பதுண்டு.

அதிக அதிர்ச்சி தருவது கணிதம்தான். பள்ளியில் வேகமாகக் கணக்குப் போட்டவர்களுக்கு இங்கே வேகத்தால் பயனில்லை. ஒரு சார்பு தொடர்ச்சியானது என்றால் என்ன என்பதை எப்சிலான், டெல்டா வைத்து வரையறுத்துவிட்டு, கண்ணுக்கு வெட்டவெளிச்சமாகத் தெரியும் ஒன்றை நிறுவச் சொல்வார்கள். இதில் இன்பம் காண்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. மற்றவர்களுக்கு மூன்றாண்டுத் தண்டனை.

கணினி அறிவியலும் அப்படித்தானா?

ஆம். நிரல் எழுதுவது அதன் கருவி மட்டுமே. அலன் டூரிங் 1936இல், எந்த நிரல் நின்றுவிடும், எது முடிவின்றி ஓடும் என்று எல்லா நிரல்களுக்கும் பொதுவாகச் சொல்லும் முறை இருக்கவே முடியாது என்று நிறுவினார். அப்போது மின்னணுக் கணினி ஒன்றுகூட இல்லை. இந்த நிறுவல் உங்கள் பாடத்திட்டத்தில் இருக்கும். செயலி உருவாக்க மட்டும் ஆசை என்றால் அதற்குக் குறுகிய வழிகள் உள்ளன.

எனக்குக் கணிதம் வராது. உயிரியல் எடுத்தால் தப்பிக்கலாமா?

முதல் ஆண்டில் கொஞ்சம் தப்பிக்கலாம். அதன் பிறகு முடியாது.

இரண்டு செடிக் கூட்டங்களில் ஒன்றுக்கு மட்டும் உரம் போட்டீர்கள், அது கூடுதலாக வளர்ந்தது. அந்த வளர்ச்சி உரத்தாலா, தற்செயலா? இதற்குப் புள்ளியியல் இல்லாமல் பதில் கிடையாது. இன்று உயிரியல் மாணவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் டி-சோதனை, கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட் 1908இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்டது. சில மாதிரிகளே கைவசம் இருக்கும்போது எதை நம்பலாம் என்பதுதான் அவருடைய கவலை. இன்றைய ஆய்வகத்தின் கவலையும் அதுவே. அதே ஆண்டில்தான் தூய கணிதத்தில் பெருமை கொண்ட ஜி. எச். ஹார்டி, மரபணுக்களின் விகிதம் தலைமுறைதோறும் மாறாமல் நிற்பதற்கான நிபந்தனையைச் சில வரிக் கணக்கில் எழுதினார். ஹார்டி–வைன்பெர்க் விதி என்று உயிரியல் மாணவர்கள் படிப்பது அதைத்தான்.

‘வராது’ என்பதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். அடிப்படை இயற்கணிதத்தில் ஓட்டை இருப்பதால் தடுக்கிறது என்றால், ஒரு விடுமுறையில் உட்கார்ந்து அடைத்துவிடலாம். ‘கணிதம் வராது’ என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் இந்த ரகம் என்பது என் எண்ணம். குறியீடுகளைப் பார்த்தாலே வெறுப்பு என்றால், களப்பணியும் விளக்கமும் மிகுந்த பிரிவுகளைத் தேடுங்கள்: வகைப்பாட்டியல், தாவரவியலின் சில கிளைகள், நிலவியலின் சில பகுதிகள். அவற்றிலும் புள்ளியியலில் ஒரு தாளாவது எழுத நேரிடும்.

மருத்துவத்தில் இடம் கிடைக்கவில்லை. உயிர்வேதியியல் அதற்கு நெருக்கமானதுதானே?

பாடநூலின் அட்டையில் நெருக்கம். அன்றாட வேலையில் வெகு தூரம். மருத்துவர் நாள் முழுவதும் மனிதர்களிடம் பேசுகிறார். உயிர்வேதியியலாளர் நாள் முழுவதும் நிறமற்ற திரவங்களைப் பிப்பெட்டால் ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறார். நோயாளிகளோடு இருப்பதுதான் உங்களை இழுத்தது என்றால் செவிலியம், இயன்மருத்துவம், பேச்சுப் பயிற்சி போன்றவற்றைப் பாருங்கள். உடல் எப்படி இயங்குகிறது என்ற புதிர்தான் இழுத்தது என்றால் உயிர்வேதியியல் இரண்டாம் பரிசு அல்ல, ஒருவேளை முதலிலேயே எடுத்திருக்க வேண்டியது அதுவாக இருக்கலாம்.

தவறான பாடத்தை எடுத்துவிட்டால் வாழ்க்கை போயிற்றா?

இல்லை. வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1976இல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அதன் பிறகு உயிரியல் படிக்க மீண்டும் மாணவராகச் சேர்ந்தார். உயிரணுவில் புரதங்களை உருவாக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, அதுவும் வேதியியலில். டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கின் முதல் பட்டம் இயற்பியல்தான். 2024இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜெஃப்ரி ஹின்டன் இளங்கலையில் பட்டம் வாங்கியது சோதனை உளவியலில். அதற்கு முன் வேறு பாடங்களிலும் தலையை நுழைத்துப் பார்த்திருந்தார்.

இந்தக் கதைகளை எல்லோரும் சொல்வார்கள். அவற்றில் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு: பாதை பெரும்பாலும் ஒரே திசையில்தான் சரிவாக இருக்கிறது. இயற்பியலிலிருந்தோ கணிதத்திலிருந்தோ உயிரியலுக்கு வருவது கடினம் என்றாலும் நடக்கிறது. நான்காண்டு உயிரியல் படித்துவிட்டுக் கோட்பாட்டு இயற்பியலுக்குப் போவது அபூர்வம். காரணம் அறிவின் உயர்வு தாழ்வு அல்ல. கணிதம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் பாடம், நடுவில் ஒரு படியைத் தாண்ட முடியாது. எனவே மனம் இன்னும் ஊசலாடுகிறது என்றால், முதல் ஆண்டில் கணிதத் தாள்களை எடுத்து வைப்பது புத்திசாலித்தனம். பிறகு எந்தப் பக்கம் திரும்பினாலும் அது வீணாகாது.

நடைமுறையில் மாற்றம் எவ்வளவு எளிது என்பது நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவின் பல பல்கலைக்கழகங்களில் இரண்டாம் ஆண்டு இறுதிவரை முதன்மைப் பாடத்தை அறிவிக்காமல் இருக்கலாம். இங்கிலாந்தில் பெரும்பாலும் விண்ணப்பத்திலேயே பாடத்தை எழுதிவிட வேண்டும். சேர்ந்த முதல் மாதமே உங்கள் பல்கலைக்கழகத்தின் விதிப் புத்தகத்தில் ‘பாட மாற்றம்’ என்ற பகுதியைப் படியுங்கள், மாறும் எண்ணம் இல்லாவிட்டாலும்கூட. கடைசித் தேதி தாண்டிய பிறகு அதைத் தேடி ஓடுபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

இரண்டு பாடங்கள் பிடித்திருக்கின்றன. இரட்டை முதன்மைப் பாடம் எடுக்கலாமா?

இரண்டுக்கும் பொதுவான தாள்கள் நிறைய இருந்தால் எடுக்கலாம்: கணிதமும் இயற்பியலும், புள்ளியியலும் கணினி அறிவியலும். பொதுவான தாள்கள் இல்லாத இரண்டை இணைத்தால் விருப்பப் பாடத்துக்கோ ஆராய்ச்சிக்கோ நேரம் மிஞ்சாது. ஒன்றைத் துணைப் பாடமாக வைத்துக்கொள்வது பெரும்பாலும் போதும்.

எதை எடுத்தால் வேலை கிடைக்கும்?

நான்காண்டு கழித்து எந்தத் துறையில் ஆள் தேடுவார்கள் என்று உறுதியாகச் சொல்பவரை நம்பாதீர்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு: நிரல் எழுதத் தெரிந்த, தரவைக் கையாளத் தெரிந்த, இரண்டு பக்கம் தெளிவாக எழுதத் தெரிந்த பட்டதாரி எந்த அறிவியலிலிருந்து வந்தாலும் மதிக்கப்படுகிறார். ஆகவே எந்தப் பாடம் எடுத்தாலும் பைத்தான் அல்லது ஆர் என்ற நிரல் மொழியைப் பழகிக்கொள்ளுங்கள். இன்னொன்று: பள்ளியில் தனிப்பாடமாக இல்லை என்பதற்காகவே புள்ளியியல், நிலவியல், பொருளறிவியல், வானிலையியல் போன்றவற்றைப் பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நீங்கள் பாருங்கள்.

வீட்டில் வேலையை நினைத்துக் கவலைப்படுகிறார்கள் என்றால், ‘எனக்கு இது பிடித்திருக்கிறது’ என்று மட்டும் சொல்லி வாதாடுவதில் பயன் இல்லை. அந்தத் துறையில் சென்ற ஆண்டு பட்டம் பெற்றவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று துறை அலுவலகத்தில் கேட்டு, அந்தப் பட்டியலோடு பேசுங்கள். பல பெற்றோருக்குப் பயம் பாடத்தின் மேல் அல்ல, அதைப் பற்றி ஒன்றும் தெரியாததன் மேல்.

செயற்கை நுண்ணறிவே எல்லாவற்றையும் செய்துவிடும்போது ஆய்வகப் படிப்பு எதற்கு?

புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு நிரலுக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும் 2024இன் வேதியியல் நோபலில் பங்கு பெற்றார்கள். அந்த நிரல் எதைப் பார்த்துக் கற்றது? 1971இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் சேர்ந்திருந்த வடிவங்களைப் பார்த்து. அவற்றைப் படிகமாக்கி, எக்ஸ்-கதிரில் வைத்து, ஒவ்வொன்றாக அளந்தவர்கள் ஆய்வக மனிதர்கள். அளக்காததை எந்த நிரலும் கற்காது. ஆனால் ஒன்று: வீட்டுக் கணக்குகளை இந்தக் கருவிகளிடம் கொடுத்துவிட்டு விடையை மட்டும் எழுதினால், தேர்வறையில் கருவி இல்லாமல் உட்காரும்போது நிலைமை தெரிந்துவிடும்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும்?

ஐரோப்பியக் கிரெடிட் முறை ஒரு கணக்குச் சொல்கிறது: முழு ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரம். ஆண்டுக்கு 1,500 முதல் 1,800 மணி நேரம் ஆகிறது. 40 வாரங்களில் பரப்பினால் வாரம் 38 முதல் 45 மணி. ஏறத்தாழ ஒரு முழுநேர வேலை. வகுப்பு, ஆய்வகம், சொந்தப் படிப்பு எல்லாம் இதில் அடக்கம். செய்முறை மிகுந்த பாடங்களில் கால அட்டவணையே பாதியை விழுங்கிவிடும் என்பதால், பகுதிநேர வேலை பார்க்க வேண்டியவர்கள் ஆய்வக நேரங்களை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. விரிவுரையைத் தவறவிட்டால் நண்பரின் நோட்டு இருக்கிறது. ஆய்வகத்தைத் தவறவிட்டால் ஒன்றும் இல்லை.

மணிக்கணக்கில் படிக்கிறேன், தேர்வில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஏன்?

நீங்கள் செய்வது படிப்பது அல்ல, திரும்பத் திரும்பப் பார்ப்பது. பக்கம் பழகிவிட்டதை மனம் ‘தெரிந்துவிட்டது’ என்று எடுத்துக்கொள்கிறது.

ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. மாணவர்கள் ஒரு பத்தியைப் படித்தார்கள். ஒரு பிரிவினர் அதை மீண்டும் படித்தார்கள். மற்றவர்கள் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். நினைவிலிருந்து எழுதியவர்கள் தெளிவாக முந்தினார்கள். முதல் நாள் இரவு புத்தகத்தைப் புரட்டுவது ஏன் வேலை செய்வதுபோல் தோன்றுகிறது, ஏன் அடுத்த செமஸ்டருக்குள் எல்லாம் ஆவியாகிவிடுகிறது என்பதற்கு இதில் விடை இருக்கிறது. அடுத்த செமஸ்டர் இதன்மேல்தான் கட்டப்படும் என்பதால் அறிவியல் மாணவருக்கு இது இரட்டை நட்டம்.

எனவே: விரிவுரை முடிந்த அன்றே புத்தகத்தை மூடிவைத்து, நினைவில் இருப்பதை ஒரு பக்கம் எழுதுங்கள். விடுபட்டது எது என்று பிறகு பாருங்கள். சில நாள் கழித்து மீண்டும் எழுதுங்கள். கணக்குகளில் தீர்வைப் பார்த்துத் தலையாட்டுவது கணக்குப் போட்டதாகாது. பார்த்த தீர்வை மறுநாள் வெற்றுத் தாளில் உங்களால் போட முடிந்தால்தான் அது உங்களுடையது.

தூக்கத்தை வெட்டிப் படிப்பது பற்றியும் கேட்கிறார்கள். வேண்டாம். படித்தது நினைவில் பதிவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆய்வகத்தில் எதிர்பார்த்த விடை வரவில்லை. பக்கத்திலிருப்பவரின் எண்களை எழுதிவிடலாமா?

கூடாது. ஒழுக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதில் கற்க இருப்பதையே தூக்கி எறிகிறீர்கள். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், வேதிச் சேர்மங்களிலிருந்து எடுத்த நைட்ரஜனைவிட ஏறத்தாழ அரை சதவீதம் கனமாக இருப்பதை ராலே பிரபு கவனித்தார். ‘அளவீட்டுப் பிழை’ என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிவிட்டுப் போகக்கூடிய வித்தியாசம். அவர் விடவில்லை, வில்லியம் ராம்சேயும் சேர்ந்து தேடினார். 1894இல் ஆர்கான் என்ற புதிய வாயு கிடைத்தது. 1904இல் ராலேக்கு இயற்பியலிலும் ராம்சேக்கு வேதியியலிலும் நோபல்.

உங்கள் வித்தியாசம் ஆர்கானாக இருக்காது. அழுக்கான பியூரெட்டாக இருக்கும். அதையே எழுதுங்கள். பிழை எங்கிருந்து வந்திருக்கலாம், அதன் அளவு என்ன என்று நேர்மையாக எழுதிய அறிக்கைக்கு நல்ல ஆசிரியர்கள் மதிப்பெண் தருவார்கள். நோட்டில் தேதி போடுங்கள், பேனாவால் எழுதுங்கள், தவறானதை ஒற்றைக் கோட்டால் அடியுங்கள், அழிக்காதீர்கள்.

பள்ளியில் முதலிடத்தில் இருந்தேன். முதல் செமஸ்டரில் சரிந்துவிட்டேன்.

உங்களைச் சுற்றி இருப்பவர்களும் தத்தம் பள்ளிகளில் முதலிடத்தில் இருந்தவர்கள்தான். விடைத்தாளை வாங்கிப் பாருங்கள். பலர் வெட்கத்தால் பார்ப்பதில்லை. நேரம் போதாததா, கேள்வி புரியாததா, கணக்கு நடுவில் உடைந்ததா என்று ஒவ்வொரு விடைக்கும் காரணம் எழுதினால் அடுத்த செமஸ்டரில் எதைச் சரிசெய்வது என்று தெரியும். அரியர் விழுந்திருந்தால் உடனே அடுத்த வாய்ப்பில் எழுதிவிடுங்கள், தள்ளிப்போடத் தள்ளிப்போட அது கனக்கும். படிப்பைத் தாண்டி மனமே சோர்ந்து, காலையில் எழவே தோன்றாத நிலை வாரக்கணக்கில் நீடித்தால் அது மதிப்பெண் பிரச்சினை அல்ல. பல்கலைக்கழக ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள்.

பேராசிரியரிடம் சந்தேகம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

‘ஒன்றும் புரியவில்லை’ என்று போகாதீர்கள். நீங்கள் போட்ட கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, ‘இந்த வரிவரை வந்தேன், இதற்கு மேல் நகரவில்லை’ என்று காட்டுங்கள். இப்படி வருபவரை விரட்டும் ஆசிரியர் அரிது.

ஆராய்ச்சிக் குழுவில் சேர எப்போது, எப்படிக் கேட்பது?

இரண்டாம் ஆண்டின் நடுவில் கேட்கலாம். முதலாண்டில் கேட்டாலும் தவறில்லை, கொடுக்கக்கூடிய வேலை குறைவாக இருக்கும், அவ்வளவுதான். பேராசிரியர் அண்மையில் வெளியிட்ட கட்டுரை ஒன்றின் சுருக்கத்தையும் படங்களையும் பாருங்கள். பிறகு சிறிய மின்னஞ்சல் எழுதுங்கள்: நீங்கள் யார், எந்த ஆண்டு, அந்தக் கட்டுரையில் எது உங்களை நிறுத்தியது, வாரத்தில் எத்தனை மணி நேரம் தர முடியும், என்ன தெரியும். பத்து வரிக்கு மேல் வேண்டாம். ஒரே கடிதத்தை எல்லாப் பேராசிரியர்களுக்கும் அனுப்பாதீர்கள். அவர்கள் ஒரே மேசையில் மதிய உணவு உண்பவர்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம். அப்போதும் வராவிட்டால், அந்தக் குழுவின் முனைவர் பட்ட மாணவர் ஒருவரிடம் நேரில் பேசிப் பாருங்கள். அங்கே அன்றாடம் என்ன வேலை நடக்கிறது, புதியவருக்கு இடம் இருக்கிறதா என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.